ஏழு தடவை இன்னாசிமுத்து

கயத்தாறு தாண்டும்போது கண்டக்டர் கேட்டான்,
கோவில்பட்டியில் என்ன விசேஷம் என்று.
பூல்பாண்டிக்குப் பொன்னாடை, என்றேன்.
கட்சிக்காரரா?
இல்லை தம்பி, கோல்கீப்பர்.
மீதிச் சில்லறையை எண்ணித் தந்துவிட்டு
அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

அழைப்பிதழில் மூன்று பேர்.
கோல் காத்த பூல்பாண்டி,
இடது விங்கில் ஓடிய மேலப்பாளையம் செய்யது மசூது,
மைக்கில் பேசிய தவசிக்கனி.
நான் அழைப்பிதழில் இல்லை.
நான் பாளையங்கோட்டை அணிக்கு சென்டர் பார்வர்ட்.
பூல்பாண்டி நின்ற போஸ்டுக்கு எதிரே
நாலு வருஷத்தில் ஏழு பெனால்டி ஸ்ட்ரோக்.
ஒன்றும் உள்ளே போகவில்லை.

கரிசல் மைதானம் அது.
மழை பெய்தால் பூட்ஸைத் திருப்பித் தராது.
கோடையில் விரலளவு வெடிப்பு,
அதில் பட்ட பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பது
பந்துக்கே தெரியாது.
பூல்பாண்டிக்குத் தெரியும்.
தீப்பெட்டி ஆபீஸ் சாக்கூசியால்
தேங்காய் நார் திணித்துத் தானே தைத்த பேட்,
நெஞ்சில் பழைய மெத்தைத் துண்டு,
முகத்துக்கு ஒன்றும் கிடையாது.
முகமும் ஒரு பலகைதான் என்பது அவன் கணக்கு.
அந்தக் கணக்கில் மேல்வரிசைப் பல் இரண்டு போனது.

போன மாசம் வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில்
தூக்கம் வராத ராத்திரி, சத்தம் குறைத்த டிவியில்
பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடினார்கள்.
பந்து இல்லை;
கருப்பட்டிச் சில்லு போல ஒரு கறுப்பு வட்டு.
கோலில் நின்றவன் முட்டை மடக்கி விழுந்தான்,
வலது கால் வெளியே, இடது கை மேலே.
டிரிப்ஸ் ஏறுவதை மறந்து எழுந்து உட்கார்ந்தேன்.
அது எந்த ஊர் என்று தெரியாது.
விழுந்த விதம் தெரியும்.
படத்தில் இல்லாத ஒருவன் கத்திக்கொண்டே இருந்தான்.
அந்த ஊர் தவசிக்கனியாக இருக்கும்.

'இன்னாசிமுத்து வாராரு, பந்த வைக்காரு,
மூச்ச இழுக்காரு,
பூல்பாண்டி கண்ணச் சிமிட்டல,
ஏ, அடிச்சாச்சு! உள்ள… இல்லவே, இல்ல!'
ரயில்வே கேட் வரை கேட்கும் அந்த 'இல்லவே, இல்ல'.
மறுநாள் முருகன்குறிச்சி டீக்கடையில்
அதுவே என் பெயர்.
கல்யாணத்தில் சாமியார் சம்மதம் கேட்டபோது
பின்பெஞ்சிலிருந்து எவனோ எனக்கு முந்திச் சொன்னான்,
இல்லவே, இல்ல.

செய்யது மசூது மௌத்தாகி மூன்று வருஷம்.
மகள் வந்து வாங்கிக்கொண்டாள்.
மேடையின் இடப்பக்கமாகவே ஏறினாள்;
தெரிந்து ஏறினாளா,
படிக்கட்டு அங்கேதான் இருந்ததா,
நான் கவனிக்கவில்லை.

பூல்பாண்டியைப் பற்றிப் பேச
தவசிக்கனி எழுந்தார்.
மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்,
நடுக்கம் மைக்குடையது என்பதுபோல.
எண்பத்தி ரெண்டு, செமிபைனல், அடிச்சது இன்னாசிமுத்து.
எண்பத்தி மூணு, மழையில, இன்னாசிமுத்து.
பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு நிமிர்ந்தது எனக்கு.
தடுத்ததைச் சொல்ல வேண்டுமென்றால்
அடித்தவனைச் சொல்லாமல் முடியாது.
ஆறு தடவை என் பேர் ஸ்பீக்கரில் வந்து
தண்ணீர் டேங்கில் பட்டுத் திரும்பியது.

ஏழாவதில் நிறுத்தினார்.
'அது கோட்டத் தாண்டிட்டோன்னு
எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்.
வாய் முந்திட்டுது.
அம்பயர் என் வாயப் பாத்துல்லா கைய ஆட்டினாரு.'
கூட்டம் சிரித்தது.
பூல்பாண்டி பொன்னாடையின் குஞ்சத்தைப்
பிரித்துக்கொண்டிருந்தான்.

பந்தலுக்குப் பின்னால் கடலைமிட்டாய் கொடுத்தார்கள்.
அவன் பல்லில்லாத பக்கமாக ஒதுக்கி மென்றபடி
இடது சுண்டுவிரலை நீட்டினான்.
கொக்கி மாதிரி வளைந்திருந்தது.
'உன் ஏழாவது, இதுலதான் பட்டுது.'
கோட்டுக்கு உள்ளயா, வெளியயா?
'விரலுக்கு என்னவே தெரியும்?' என்றான்.
ஒன்பதே காலுக்குக் கடைசி பஸ்.
நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு
இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.